வயல் டு வாசல்: காவிரியின் பெயரில் மலேசியா போன அரிசி... பொன்னி யாருக்குச் சொந்தம்?

கோலாலம்பூரில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், இலை போட்டதும் பல இடங்களில் முதலில் வரும் கேள்வி, "வெள்ளைச் சோறா, பொன்னியா?" என்பதுதான். தமிழர் மட்டுமல்ல, மலாய்க்காரர்களும் சீனர்களும் "பொன்னி" என்று அதே சொல்லைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அங்கே பொன்னி என்றால் புழுங்கல் அரிசி.

பொன்னி என்பது காவிரிக்கு நம் முன்னோர் வைத்த பெயர். அதே பெயரில் உள்ள நெல்லை காவிரிக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் ஓடும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் சம்பா பட்டத்தில் நடுகிறார்கள். குடவோலைக் கல்வெட்டால் உலகம் அறிந்த உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏரிப் பாசன வயல்களும் அதில் அடக்கம்.

இந்தப் பெயருக்காக இந்திய அரசின் ஓர் ஆணையம் மலேசிய நீதிமன்றப் படியேறியது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வழக்கில் இந்தியா வென்றது. அந்த வெற்றியால் உத்திரமேரூர் விவசாயிக்கு என்ன கிடைத்தது? இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

லங்காவி நாயகியின் பெயர்

கதை 1950-களில் தொடங்குகிறது. உலகப் போர் முடிந்து ஆசியா முழுக்க அரிசிப் பஞ்சம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒரு திட்டம் போட்டது. ஜப்பான், தைவான் பக்கத்துக் குட்டை நெல் ரகங்களை, நம்மூர் வெப்பம் தாங்கும் இண்டிகா ரகங்களோடு கலக்க வேண்டும். உரம் போட்டால் சாயாமல் நின்று விளைச்சல் தரும் பயிர் அதில் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அந்தக் கலப்பு வேலைக்கு மையமாக இருந்தது ஒடிசா மாநிலம் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம்.

பல நாடுகள் தங்கள் நெல்லைக் கட்டாக்குக்கு அனுப்பின. கலந்து கிடைத்த விதைகளை வாங்கிப் போய்த் தங்கள் மண்ணில் விதைத்துத் தேர்ந்தெடுத்தன. தமிழ்நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் கிடைத்ததுதான் 1960-களின் நடுவில் தஞ்சைப் பகுதியைக் கலக்கிய ஆடுதுறை 27.

மலேசியா தேர்ந்தெடுத்தது இன்னொன்று. தைவானின் 'தாய்ச்சுங் 65', மலாய் நாட்டின் 'மாயாங் எபோஸ் 80' ஆகிய இரண்டும் கலந்த வாரிசு அது. 1965-ல் வெளியிடப்பட்ட அந்த நெல்லின் பெயர் மசூரி.

மசூரி என்பது லங்காவித் தீவின் பழங்கதை நாயகி பெயர். செய்யாத தவறுக்காகக் கொல்லப்பட்ட அந்தப் பெண், 'ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு தழைக்காது' என்று சாபமிட்டதாக மலாய் மக்கள் சொல்வார்கள். சிலப்பதிகாரம் படித்த நமக்குக் கண்ணகி நினைவுக்கு வருவார். பின்னாளில் சயாம் படை வந்தபோது எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தீவு மக்கள் தங்கள் நெல்லையே எரித்ததாகவும் கதை நீள்கிறது. 'எரிந்த அரிசி' என்ற பொருளில் பெயர் கொண்ட ஓர் இடம் இன்றும் லங்காவியில் சுற்றுலாத் தலம்.

மசூரி பொன்னியான கதை

1960-களின் பிற்பகுதியில் மசூரி விதை இந்தியாவுக்குள் வந்தது. அரிசி சன்னம், சோறு மெது, வைக்கோலும் தாராளம். ஆந்திரா, தமிழ்நாடு, நேபாளம், வங்கதேசம், மியான்மர் என்று அது பரவிய வேகம் பெரிது. விவசாயிக்கு விவசாயி கைமாறியே ஓடிய விதை அது.

தமிழ்நாட்டில் இதற்குப் பொன்னி என்று பெயர் விழுந்தது. இதிலிருந்து தேர்வு செய்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. ஏறக்குறைய 135 முதல் 140 நாள் பயிர். நம் வீட்டு மதியச் சோற்றுக்கு இலக்கணம் வகுத்த அரிசி என்றால் மிகையில்லை.

மசூரியின் குடும்பம் அதோடு நிற்கவில்லை. ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் மசூரியை மேலும் கலந்து உருவாக்கியதுதான் பி.பி.டி. 5204, அதாவது சாம்பா மசூரி. நம் கடைகளில் 'ஆந்திரா பொன்னி', 'டீலக்ஸ் பொன்னி' என்ற பெயர்களில் விற்பது பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவில் இந்தியக் குடும்பங்கள் தேடி வாங்கும் சோனா மசூரியும் அதே பாட்டியின் பேத்தி. கோலாலம்பூரில் பொன்னி சாப்பிடும் தமிழரும், நியூஜெர்சியில் சோனா மசூரி சாப்பிடும் தெலுங்கரும் ஒரே மலேசிய நெல்லின் வாரிசுகளைத்தான் சாப்பிடுகிறார்கள்.

பெயருக்கு வந்த வழக்கு

தமிழ்நாட்டில் பெயர் பெற்ற அந்த நெல், அரிசியாகி மலேசியாவுக்கே திரும்பிப் போனது. அங்குள்ள இந்தியர்களோடு நிற்காமல் மற்ற இனத்தவரும் வாங்கத் தொடங்கினார்கள். சந்தை வளர்ந்தது. மலேசியாவின் பெரிய அரிசி நிறுவனங்களில் ஒன்றான ஃபைசா, 'பொன்னி' என்ற சொல்லைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தது.

வணிகச் சின்னம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு சொல் ஒருவர் பெயரில் பதிவாகிவிட்டால், அதே வகைப் பொருளை அந்தச் சொல்லோடு வேறு யாரும் விற்க முடியாமல் அவர் தடுக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் விளைந்த அசல் பொன்னியை ஆரணியில் அரைத்து, பையில் 'பொன்னி' என்று அச்சடித்து அனுப்பினாலும், மலேசியாவில் அது சட்டச் சிக்கலாகிவிடும். உற்பத்தி செய்தவன் தன் பொருளின் பெயரைத் தானே சொல்ல முடியாத நிலை.

இந்திய அரசின் வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், சுருக்கமாக அபெடா, கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பொன்னி என்பது ஒரு நெல் ரகத்தின் பெயர், தமிழ்நாட்டில் உருவாக்கி வெளியிடப்பட்டது, அது யாருடைய தனிச் சரக்கின் பெயரும் ஆகாது என்பது வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. பதிவேட்டிலிருந்து அந்தச் சின்னத்தை நீக்கச் சொன்னது. 2011-ம் ஆண்டின் மலேசியச் சட்டத் தீர்ப்புத் தொகுப்பில் இந்த வழக்கு இடம்பெற்றிருக்கிறது.

இதற்கு முன் பாஸ்மதிக்கும் இப்படி ஒரு போராட்டம் நடந்தது. 1997-ல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாஸ்மதி வகை அரிசிக்குக் காப்புரிமை வாங்க, இந்தியா எதிர்த்து வாதாடியது. முக்கியமான உரிமைக் கோரல்களை அந்த நிறுவனம் கைவிட வேண்டியதாயிற்று. பாஸ்மதிக்குப் பின்னால் வட மாநிலங்களும் பெரிய ஏற்றுமதியாளர் கூட்டமும் இருந்தன. செய்தியும் உலகம் முழுக்கப் பரவியது. பொன்னிக்காக நடந்த சண்டை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஊருக்கு ஒரு ருசி

அரிசியை வெளிநாட்டில் விற்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் நாக்கு. ஒரே நெல், ஊருக்கு ஊர் வேறு பொருளாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் பொன்னி அன்றாடச் சோறு. பச்சரிசி பொங்கலுக்கு, புழுங்கல் சாப்பாட்டுக்கு. 'பழைய அரிசியா?' என்று கேட்டு வாங்குவோம். ஆறு மாதம், ஒரு வருடம் இருந்த அரிசி குழையாமல் உதிர்ந்து நிற்கும் என்பது நம் கணக்கு.

மலேசியாவில் அதே புழுங்கல் பொன்னி, சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்த அரிசி என்ற அடையாளத்தோடு விற்பனையாகிறது. புழுக்கும்போது நெல்லின் மாவுச்சத்து அமைப்பு மாறுவதால், சாதாரண வெள்ளை அரிசியைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் அரிசிதான். அளவு கூடினால் சர்க்கரையும் ஏறும். நம்மூரில் சர்க்கரை வந்ததும் 'சோற்றைக் குறைங்க' என்று சொல்லப்படுபவர் கையில் இருப்பதும் இதே பொன்னி. அங்கே அது மருந்துக் கடை வாசனையோடு அலமாரியில் நிற்கிறது.

இன்னொரு உதாரணம் நொய். நம் வீடுகளில் உடைந்த அரிசி கஞ்சிக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் மக்கள் விரும்பி வாங்குவதே நொய்தான். மீனும் காய்கறியும் தக்காளியும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் செய்யும் அவர்களின் தேசிய உணவுக்கு உடைந்த அரிசிதான் வேண்டும். குழம்பை நன்றாகக் குடிக்கும் என்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாம் பக்கத்து ஆலைகளில் மிஞ்சிய நொய்யைக் கொண்டுவந்து இறக்கியதில் தொடங்கிய பழக்கம், தலைமுறைகள் தாண்டி ருசியாகிவிட்டது.

பெனின், டோகோ, ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளுக்குப் புழுங்கல் அரிசி வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சிவப்பு அரிசி. சிங்களக் குடும்பத்துக்குக் கீரிச் சம்பா. சீனருக்கும் ஜப்பானியருக்கும் குச்சியில் எடுக்க வசதியாக ஒட்டும் சோறு. எந்த அரிசி உயர்ந்தது என்ற கேள்விக்கு உலகச் சந்தையில் ஒரே பதில் கிடையாது. எந்த வீட்டு அடுப்புக்கு எது என்று தெரிந்தவரே விற்கிறார்.

பழகிய கடல் வழி

கடல் கடந்த வணிகம் தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. தாய்லாந்தின் தெற்கே தகுவாபா என்ற இடத்தில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற பெயரில் அங்கே ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அது சொல்கிறது. அவனிநாராயணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயர்.

உத்திரமேரூரிலும் பல்லவர் காலம் தொட்டே பெரிய ஏரி உண்டு. கல்வெட்டுகளில் அதன் பெயர் வயிரமேக தடாகம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குழுக்கள் வருகின்றன. நீர், விளைச்சல், பணம் மூன்றையும் ஊரே பார்த்துக்கொண்டது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதியும் அதில் உண்டு.

கதவு மூடிய நாட்கள்

உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவிகிதம் இந்தியாவுடையது. அதனால் டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் டாக்கரிலும் பினாங்கிலும் உலை வைப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. அந்த வாரத்தில் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் மூட்டைகளுக்காக மக்கள் முண்டியடித்த வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தன. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. உலக அரிசி விலை 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது.

மலேசியா இதில் நேரடியாக அடிவாங்கியது. அந்நாட்டில் அரிசி இறக்குமதி உரிமை முழுக்க பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் உள்ளது. 2031 வரை அந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ பைக்கு 26 ரிங்கிட் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை பெர்னாஸ் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனே மக்கள் விலை குறைந்த உள்ளூர் அரிசிக்குப் பாய, அது கடைகளில் காணாமல் போனது. அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன் வெள்ளை அரிசி அனுப்ப இந்தியா சிறப்பு அனுமதி தந்தது. சிங்கப்பூருக்கு அதற்கு முன்பே 50,000 டன்.

ஓராண்டுக்குப் பிறகு கதவு திறந்தது. 2024 செப்டம்பர் 28 அன்று வெள்ளை அரிசித் தடை நீங்கியது. டன்னுக்கு 490 டாலருக்குக் குறைந்து விற்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. அக்டோபரில் அந்த நிபந்தனையும், புழுங்கல் அரிசி வரியும் போயின. 2025 மார்ச்சில் நொய்த் தடையும் விலகியது.

நம் நாட்டில் விலை ஏறாமல் இருக்கத்தான் இந்தத் தடைகள் என்று அரசு சொன்னது. 140 கோடி பேர் சாப்பிடும் நாட்டில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் வாங்குபவரைக் காக்கும் ஒவ்வொரு தடையும், விற்பவரின் ஏலத்திலிருந்து சில வாங்குபவர்களை வெளியே அனுப்புகிறது. வெளிநாட்டுக் கடைக்காரரும் காத்திருக்க மாட்டார். வியட்நாமிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வாங்கிப் பழகிவிட்டால், அவரை மறுபடி அழைத்து வருவது பெரும்பாடு.

உத்திரமேரூர் களத்துமேட்டுக் கணக்கு

உத்திரமேரூர் வட்டாரத்தில் மூன்று பட்டம். சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி, மழையை நம்பிய சம்பா, ஏரித் தண்ணீர் மிச்சமிருந்தால் நவரை. அறுத்த நெல்லுக்கு மூன்று வாசல்கள்.

முதல் வாசல், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2025 செப்டம்பர் முதல் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்த தொகை இது. 40 கிலோ மூட்டையாக எடை போடுவார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். இந்த நெல் ரேஷன் கடைக்குப் போகும் அரிசி. ஏற்றுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். மறைமுக ஏலம் நடக்கும். விலை பிடிக்காவிட்டால் கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். மூன்றாவது, களத்துக்கே வரும் வியாபாரி. அவரிடம் போகும் நெல் ஆரணி, களம்பூர், செங்குன்றம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. வெளிநாட்டுப் பையில் ஏறும் பொன்னி வருவது இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான்.

இனி கணக்கு. ஆடுதுறை 37, அதாவது குண்டு நெல், சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும். கோ 51-க்கும் ஏறக்குறைய அதே நாள்தான். வெள்ளைப் பொன்னிக்கு இன்னும் ஒரு மாதம் கூடுதல் தண்ணீர், கூடுதல் காவல். உயரமான பயிர் என்பதால் கார்த்திகைக் காற்றிலும் மழையிலும் சாய்ந்துவிடும். மகசூலும் குறைவு. இத்தனைக்கும் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலை குவிண்டாலுக்கு 45 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் வந்ததாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,125 ரூபாய்தான் அதிகம். ஒரு மழைக்குச் சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரக்காரர் கேட்கும் கூடுதல் வாடகைக்கே அது சரியாகிவிடும். குண்டு நெல் போடும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது.

பொன்னியால் பலன் வேண்டுமென்றால் வெளிச்சந்தைதான் தர வேண்டும். அங்கே நிலவரம் என்ன? 2024-ல் அரசு வைத்த குறைந்தபட்ச ஏற்றுமதி விலையான 490 டாலரை எடுத்துக்கொள்வோம். அன்றைய மதிப்பில் கிலோ சுமார் 41 ரூபாய். அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண நெல்லுக்குக் கொள்முதல் விலை 2,405 ரூபாய். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 67 கிலோ அரிசி கிடைக்கும். அந்த விலைக்கு நெல் வாங்கினால், ஒரு கிலோ அரிசிக்குள் நெல்லின் விலையே சுமார் 36 ரூபாய். மீதமுள்ள 5 ரூபாயிலும், தவிடு, உமி, நொய் விற்ற காசிலும்தான் அரவைக் கூலி, பை, லாரி, துறைமுகச் செலவு, ஆலைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

'வெறும் அரிசி' என்று விற்றால் இவ்வளவுதான் இடம். விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுக்க யாரிடமும் காசு இருக்காது. 'பொன்னி' என்ற பெயரைப் பார்த்து, நம்பி, கூடுதல் விலை கொடுப்பவர் இருந்தால்தான் அந்தக் காசு திரும்பி வயலுக்கு வர வழி பிறக்கும். பெயரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

வென்ற பெயரை நாம் என்ன செய்தோம்?

கோலாலம்பூரில் 'பொன்னி என்பது ஒரு ரகத்தின் பெயர்' என்று வாதாடி வென்றோம். உள்ளூரில் ஒரு அரிசிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். ஆந்திரா பொன்னி, கர்நாடகா பொன்னி, டீலக்ஸ் பொன்னி, ராஜபோகம் பொன்னி. இதில் எத்தனை மூட்டையில் வெள்ளைப் பொன்னி ரகம் இருக்கிறது? சன்னமாக இருந்தால் பொன்னி என்பதே கடைத்தெரு வழக்கமாகிவிட்டது. பையின் மேல் நடிகர் படம் இருக்கும், கோயில் கோபுரம் இருக்கும். எந்த ரகம், எந்த ஊர், எந்தப் பருவத்து நெல் என்ற மூன்று விவரம் பெரும்பாலும் இருக்காது.

இப்படி எல்லாமே பொன்னி ஆகிவிட்டால், 140 நாள் காத்திருந்து அசல் பொன்னி விளைவிப்பவருக்கும், 110 நாளில் வேறு சன்ன ரகம் அறுப்பவருக்கும் ஒரே விலைதான். பெயரை வெளியாரிடமிருந்து மீட்டதோடு வேலை முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. புவிசார் குறியீடு என்றால் பலருக்கு உடனே நினைவு வரும். பொன்னி பல மாவட்டங்களில், பல மாநிலங்களில் விளைவது. அதன் வேரும் மலேசியாவில் இருக்கிறது. அதனால் அந்தப் பாதை பாஸ்மதிக்குப் போல் எளிதாக இருக்காது. ஆனால் ஒரு வட்டார உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தன் ஊர்ப் பெயரோடு தனக்கென ஒரு வணிகச் சின்னத்தைப் பதிவு செய்யத் தடையில்லை. 'பொன்னி' எல்லோருக்கும் பொது. அதன் முன்னால் வரும் ஊர்ப் பெயரும் தரமும் அந்தக் குழுவுக்குச் சொந்தம்.

அப்படி ஒரு குழு கடல் தாண்ட நினைத்தால் செய்ய வேண்டியவை:

* சான்று பெற்ற விதை வாங்கி, ஒரே ரகத்தை ஒரே பருவத்தில் சேர்ந்து நடுதல். ஒரு கன்டெய்னர் நிறைய ஒரே தரம் இல்லாவிட்டால் வாங்குபவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

* ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் பான் எண்ணோடு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பிறகு அபெடாவில் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம்.

* மருந்துக் கணக்கு. குலை நோய்க்கு நம் விவசாயிகள் அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்ச அளவை, ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. பாஸ்மதி ஏற்றுமதியாளர்களே திணறிப்போனார்கள். பாரிஸ் தமிழர் கடைக்கு அனுப்புவதும், பினாங்கு கடைக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.

* வாங்குபவர் யார் என்ற தெளிவு. மலேசியாவுக்கு என்றால் பெர்னாஸ் ஏற்பாட்டுக்குள் வரும் இறக்குமதியாளர் மூலம்தான் போக முடியும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று நேரடியாக மூட்டை அனுப்பிவிட முடியாது.

இத்தனையும் ஒரு தனி விவசாயியால் ஆகாது. ஏரியைக் காக்கவும் ஊர்ப் பணத்தைக் கணக்குப் பார்க்கவும் வாரியம் போட்டுச் சேர்ந்து நின்ற ஊருக்கு, சேர்ந்து விற்பதும் கைவராத வித்தை இல்லை.

வாங்குபவர் கையில்...

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அரிசி வாங்குபவர்களும் இதில் ஒரு பங்கு எடுக்கலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்ததும், கடைகளில் 26 கிலோ மூட்டைகள் முளைத்ததை நாம் கவனித்தோம். ஒரு கிலோ வித்தியாசத்தைக் கவனித்த கண்கள், பையின் மேல் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

அடுத்த முறை மளிகைக் கடைக்காரர் "பொன்னிதாங்க, பிரமாதமா இருக்கும்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "வெள்ளைப் பொன்னியா, பி.பி.டி-யா? எந்த ஊர் நெல்லுங்க?" ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் ஆலைக்காரரிடம் கேட்பார். ஆலைக்காரர் கேட்கத் தொடங்கினால், உத்திரமேரூர் ஏலத்தில் அசல் பொன்னி மூட்டைக்குத் தனி விலை சொல்ல ஆள் வருவார்.